போகம்பறை மதிலுக்குள் நின்ற அதிகாரி: லெனார்ட் வூல்ஃபும் ஒரு கிராமத்தின் அழிவும்

உக்குவளையில் காலை ரயிலில் ஏறினால் வத்தேகம, கட்டுகஸ்தோட்டை கடந்து கண்டிக்கு வந்துவிடலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் சற்றுத் தூரத்தில் ஒரு நீண்ட பழைய மதில் நிற்கிறது. போகம்பறைச் சிறைச்சாலை. பிரித்தானியர் காலத்தில், 1876 இல் கட்டப்பட்டது. 2014 இல் மூடப்பட்டது. ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் கண்டிக்குப் போய்வரும் எங்கள் ஊர்ச் சனங்கள் அந்த மதிலைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள்.

1907 ஓகஸ்ட் தொடக்கம் ஏறத்தாழ ஓராண்டு காலம், அந்த மதிலுக்குள் தூக்குத்தண்டனை நிறைவேறும் விடிகாலைகளில் ஓர் ஆங்கிலேய அதிகாரி நிற்கவேண்டியிருந்தது. வந்த புதிதில் அவருக்கு வயது 26. மத்திய மாகாணத்தை நிர்வகித்த கண்டிக் கச்சேரியில் அவருக்கு வேலை. மாத்தளையும் உக்குவளையும் அந்த மாகாணத்துக்குள்தான் இருந்தன. தூக்கு முறைப்படி நடந்து முடிந்ததா என்று நேரில் நின்று பார்ப்பதும் அவருடைய கடமைகளில் ஒன்று. கடமையைச் செய்தார், கையொப்பமிட்டார். ஆனால் அங்கே கண்டவை அவரை விட்டுப் போகவில்லை. மரணதண்டனையின் எதிர்ப்பாளராகவே அவர் வாழ்ந்து முடிந்தார்.

அவர் பெயர் லெனார்ட் வூல்ஃப். நாவலாசிரியை வேர்ஜீனியா வூல்ஃபின் கணவர் என்றே உலகம் அவரை அதிகம் அறியும். இலங்கையில் இருவகையில் அறிவார்கள். சிங்கள வாசகருக்கு அவர் 'பெத்தேகம' நாவலை எழுதியவர். தமிழ் அரசியல் பேசுவோருக்கு, இந்த நாட்டுக்குச் சமஷ்டி ஆட்சிமுறை பொருந்தும் என்று 1938 இலேயே எழுதிவைத்தவர். இந்த இரண்டும் ஒரே மனிதரின் ஒரே கேள்வியிலிருந்து வந்தவை. நாகரிகம் என்று நாம் சொல்வது எப்படி அழிகிறது, யார் கையால் அழிகிறது என்பதே அந்தக் கேள்வி.

லண்டனிலிருந்து யாழ்ப்பாணக் கோட்டைக்கு

1880 நவம்பர் 25 இல் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பெயர்பெற்ற வழக்கறிஞர். லெனார்டுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது தந்தை இறந்தார். வசதியாக வாழ்ந்த பெரிய குடும்பம் திடீரென்று செலவைக் கணக்குப் பார்க்கும் குடும்பமாயிற்று. புலமைப்பரிசிலின் துணையோடு படித்துக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் போனார். பின்னாளில் பொருளியலாளராகப் புகழ்பெற்ற கெயின்ஸ், எழுத்தாளர் லிட்டன் ஸ்ட்ரேச்சி ஆகியோர் அங்கே அவருக்கு நண்பர்கள்.

சிவில் சேவைப் பரீட்சையில் அவருக்குக் கிடைத்த இடம் உயர்ந்ததல்ல. அதனால் இந்தியாவோ லண்டன் அலுவலகமோ கிடைக்காமல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். 1904 டிசம்பரில் கொழும்பில் இறங்கியவரின் பொதிகளில் பிரெஞ்சு அறிஞர் வோல்டேயரின் நூல்கள் பெரிய பெரிய தொகுதிகளாக இருந்தன. பகுத்தறிவும் நீதியும் மனிதரை மேம்படுத்தும் என்று நம்பிய தலைமுறையின் வேதம் அது.

முதல் நியமனம் யாழ்ப்பாணம். வடக்கிற்கான ரயில் பாதை அப்போது முழுமையடைந்திருக்கவில்லை. அனுராதபுரம்வரை ரயிலில் வந்து, அங்கிருந்து காட்டுவழியே மாட்டுவண்டித் தபாலில் பயணம் செய்தார். 1905 ஜனவரி முதல் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் குடியிருந்தார். கச்சேரியில் வேலை பார்த்துக்கொண்டே தமிழ் கற்றார்.

அந்நாட்களில் அவர் நல்லவராக இருந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களில் நம்மவர் மீதான ஏளனமும் எரிச்சலும் நிறைய உண்டு. ஆளப் பிறந்தவர் என்ற எண்ணம் அவரிடமும் இருந்தது. அதில் முதல் கீறல் விழுந்தது யாழ்ப்பாணத்திலேயே. பிரதான வீதியில் குதிரையில் போகும்போது தன் முகத்தில் சவுக்கால் அடித்தார் என்று ஒரு தமிழ் வழக்கறிஞர் முறையிட்டார். யாழ்ப்பாணத் தமிழர் சங்கமும் அதை மேலிடத்துக்குக் கொண்டுபோனது. தெருவுக்குள் நீண்டிருந்த ஒரு வீட்டு விறாந்தையை அரசாங்க அதிபருக்குச் சுட்டிக்காட்டவே சவுக்கை நீட்டியதாக வூல்ஃப் விளக்கம் கொடுத்தார். விடயம் அத்தோடு முடிந்தது. ஆனால் அவர் மனதில் முடியவில்லை. தான் அடிக்கவில்லைதான். ஆனாலும், அடித்திருப்பான் என்று ஓர் ஊரே நம்பக்கூடிய இடத்தில், குதிரைமேல், கையில் சவுக்கோடு தான் இருந்ததை அவர் உணரத் தொடங்கினார்.

மன்னார்க் கடலில் இரண்டு சாவுகள்

1906 இன் தொடக்கத்தில் மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய அனுப்பப்பட்டார். வெறும் மணல்வெளியில் சில வாரங்களுக்கு மட்டும் ஒரு நகரம் எழும்பும். தமிழரும் அரேபியரும் சுழியோடுவார்கள். இந்தியாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வியாபாரிகள் வருவார்கள். அழுகும் சிப்பிகளின் நாற்றமும் ஈக்களும் நிறைந்த அந்த இடத்தில், ஆயிரக்கணக்கான மக்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அதிகாரிகளின் கீழ் பெரிய சண்டை சச்சரவின்றி வேலை செய்தார்கள்.

இந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய சிறுகதை 'முத்துகளும் பன்றிகளும்' என்று பொருள்படும் தலைப்போடு 1921 இல் வெளியானது. கதையில் முத்து வாங்கவந்த ஒரு வெள்ளைக்காரன் குடியால் மூளை கலங்கிச் சாகிறான். கட்டிவைக்கப்பட்ட நிலையில், நாட்டு மக்களுக்குத் தான் செய்த கொடுமைகளையெல்லாம் உளறித் தீர்க்கிறான். அதே இரவில் ஓர் அரேபியச் சுழியோடியும் கடலில் இறக்கிறான். அவனுடைய தோழர்கள் அந்த உடலைச் சுற்றியிருந்து மரியாதையோடு துக்கம் காக்கிறார்கள். நாகரிகம் எந்தப் பக்கம், காட்டுமிராண்டித்தனம் எந்தப் பக்கம் என்று கதை விளக்கிச் சொல்வதில்லை. இரண்டு சாவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

அம்பாந்தோட்டையின் கையொப்பம்

கண்டிக்குப் பிறகு, 1908 ஓகஸ்டில், அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபரானார். வயது 27. ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் வாழ்ந்த வறண்ட மாவட்டம். வரி, உப்பளம், பாதை, குளம், நீதிமன்றம் எல்லாம் அவர் கையில். ஓயாமல் உழைத்தார். சிங்களத்தில் பேசினார். கிராமம் கிராமமாகக் குதிரையிலும் சைக்கிளிலும் அலைந்தார். திறமையான அதிகாரி என்று மேலிடம் மெச்சியது. கடுமையான அதிகாரி என்று மக்கள் பயந்தார்கள்.

1909, 1910 ஆண்டுகளில் மாடுகளைக் கொல்லும் கொள்ளைநோய் பரவியது. நோய் கண்ட மாடுகளையும் கட்டாமல் திரியும் மாடுகளையும் சுட வேண்டும் என்பது சட்டம். வூல்ஃப் துப்பாக்கியோடு தானே இறங்கினார். நோயைத் தடுக்க வேறு வழி இல்லை என்று அவருக்குத் தெரியும். உழவு மாட்டை இழந்த விவசாயிக்கு அடுத்த போகம் இல்லை என்பதும் தெரியும். சரியான காரியத்தையே செய்தபோதும் தான் ஏன் ஒரு கொடியவனாகத் தெரிகிறேன் என்ற கேள்வி அவரை அரித்தது. அதற்கு அவர் கண்ட பதில், தன் அதிகாரம் அந்த மக்களிடமிருந்து வந்ததல்ல என்பது.

1911 மே மாதம் விடுமுறையில் இங்கிலாந்து போனவர் திரும்பி வரவில்லை. 1912 இல் பதவியை உதறினார். அவ்வாண்டு ஓகஸ்டில் வேர்ஜீனியாவை மணந்தார். 1913 இல் நாவல் வந்தது. அதன் ஆங்கிலத் தலைப்பின் பொருள் 'காட்டுக்குள் ஒரு கிராமம்'.

அதிகாரி வந்தும் காப்பாற்றப்படாத கிராமம்

மனிதனுக்குள் இருக்கும் கொடுமையைப் பற்றிப் பேசும்போது உலகம் முழுவதும் முதலில் சொல்லும் நாவல், வில்லியம் கோல்டிங் 1954 இல் எழுதிய 'லோர்ட் ஒஃப் த ஃப்ளைஸ்'. ஆளில்லாத் தீவில் சிக்கிய பள்ளிச் சிறுவர்கள், பெரியவர்களும் சட்டமும் இல்லாத நிலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கொலைகாரர்களாகிறார்கள். கடைசியில் ஒரு கடற்படை அதிகாரி கரையில் வந்து நிற்கிறார், சிறுவர்கள் அழுகிறார்கள், வேட்டை நின்றுவிடுகிறது. கோல்டிங்குக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது 1983 ஒக்டோபரில். எங்கள் மாத்தளை நகரம் எரிந்து மூன்று மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை.

கோல்டிங்கின் நாவலுக்கு 41 ஆண்டுகள் முன்னரே வந்த வூல்ஃபின் நாவலைப் படிக்கிறபோது நமக்கு வேறொன்று தெரிகிறது. பெத்தேகம ஆளில்லாத் தீவல்ல. அங்கே ஊர்த் தலைவன் இருக்கிறான், அனுமதிப் பத்திரம் இருக்கிறது, கடன் கணக்கு இருக்கிறது, பொலிஸ் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. சிலிந்து என்ற வேட்டைக்காரனும் அவனுடைய இரட்டைப் பெண்கள் புஞ்சி மெனிக்காவும் ஹின்னிஹாமியும்தான் கதையின் மையம். ஊர்த் தலைவன் பாபெஹாமிக்கு இந்தக் குடும்பத்தின் மேல் பகை. அந்தப் பகைக்குக் கத்தி தேவைப்படவில்லை. சேனை வெட்ட அனுமதி கிடைக்காமல் செய்தாலே போதும், அடுத்த ஆண்டு அந்த வீட்டில் பட்டினி. காட்டில் வளர்ந்த ஹின்னிஹாமியைப் பேய் என்று சொல்லி ஊரே கல்லெறிகிறது. அவள் இறந்துபோகிறாள்.

வட்டிக்கு விடும் வியாபாரி ஒருவன் புஞ்சி மெனிக்காவின் மேல் கண் வைக்கிறான். அவளுடைய கணவன் பாபுன் மேல் பொய்த் திருட்டு வழக்கு சோடிக்கப்படுகிறது. விசாரிக்கும் வெள்ளைக்கார நீதவான் கெட்டவர் அல்ல. ஏதோ பிசகு இருக்கிறது என்று உணருகிறார். ஆனால் மொழிபெயர்ப்பாளர் வழியாக வரும் சொற்களையும் முன்னால் வைக்கப்பட்ட சாட்சியங்களையும் தவிர அவரிடம் எதுவும் இல்லை. சட்டப்படி தண்டிக்கிறார். பாபுன் சிறையிலேயே சாகிறான். சிலிந்து துப்பாக்கியை எடுத்து ஊர்த் தலைவனையும் வட்டிக்காரனையும் சுட்டுக்கொல்கிறான். அவனுக்குத் தூக்கு விதிக்கப்பட்டு, பின்னர் 20 ஆண்டு கடூழியச் சிறையாகக் குறைக்கப்படுகிறது. ஊர் ஒவ்வொரு குடிசையாக வெறுமையாகிறது. கடைசியில் புஞ்சி மெனிக்கா மட்டும் மிஞ்சுகிறாள். காடு வாசல்வரை வந்துவிடுகிறது.

கோல்டிங்கின் தீவில் அதிகாரி வந்ததும் கொலை நிற்கிறது. வூல்ஃபின் கிராமத்தில் அதிகாரி முதலிலிருந்தே இருக்கிறார். கிராமம் அழிவது அவருடைய மேசைக்கு வந்துபோகும் காகிதங்களின் வழியாகத்தான். சட்டம் இல்லாத இடத்தில் மனிதன் மிருகமாவான் என்பது கோல்டிங்கின் அச்சம். சட்டத்தையே கருவியாக்கி ஒரு குடும்பத்தை மெல்ல மெல்லச் சாகடிக்கலாம் என்பது வூல்ஃப் கண்டது. அந்த நீதவான் இருக்கையில் அவரே உட்கார்ந்திருக்கிறார். சேனை அனுமதிகளில் அவரே கையொப்பமிட்டிருக்கிறார். ஆகவே அந்த நாவல் ஒரு வகையில் அவருடைய ஒப்புதல் வாக்குமூலம். 1980 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைப் படமாக்கியபோது, நீதவான் வேடத்தில் நடித்தவர் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்.

போரைக் கடந்துவந்த நமக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு துளி இரத்தம் சிந்தாமல் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் இடாப்போடு வந்து தமிழ் வீடுகளைத் தேடின என்று தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். மாத்தளையில் கடைகள் எரிந்தன, முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு முறையும் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தன. இங்கே அடிவாங்கிப் பாதுகாப்புத் தேடிப்போன அந்தச் சனங்களில் பலர் 2009 இல் வன்னியில் அகப்பட்டார்கள். முகாமில் அவர்களை எதிர்கொண்டதும் ஒரு படிவம்தான். எங்கள் குடும்பத்திலிருந்தும் 1977 இன் பின் அப்படிப் போனவர்கள் உண்டு. அந்தக் கதையை எங்கள் வீட்டில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை. புஞ்சி மெனிக்காவின் கடைசி அத்தியாயத்தைப் படித்தபோது, சொல்லப்படாத அந்தப் பாதி என்னவென்று எனக்கு ஓரளவு புரிந்தது.

1915 உம் 1938 உம்

பதவியை விட்ட பிறகும் இலங்கை அவரை விடவில்லை. 1915 மே இறுதியில் கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிராகத் தொடங்கிய வன்முறை பல மாகாணங்களுக்குப் பரவியது. அரசு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்து, சரியான விசாரணையின்றிப் பலரைச் சுட்டது. நீதி கேட்டு ஈ.டபிள்யூ. பெரேராவும் டி.பி. ஜயதிலகவும் லண்டனுக்குப் போனபோது அவர்களுக்குத் துணைநின்று, விசாரணை வேண்டும் என்று குடியேற்ற அமைச்சை வற்புறுத்தியவர்களில் வூல்ஃப் முக்கியமானவர். கேட்ட விசாரணை கிடைக்கவில்லை. அந்த வாதாட்டம் அரசின் அடக்குமுறையைப் பற்றியதாகவே இருந்தது. கடையும் வீடும் இழந்த முஸ்லிம்களின் கணக்கு பின்னால் தள்ளப்பட்டது. மூவினமும் அருகருகே வாழும் உக்குவளை போன்ற ஊரிலிருந்து பார்க்கும்போது இந்தக் குறை கண்ணில் படாமல் போகாது.

பிறகு தொழிற்கட்சியின் ஏகாதிபத்திய விவகாரங்களுக்கான ஆலோசனைக் குழுவுக்கு நெடுங்காலம் செயலாளராக இருந்தார். அந்தக் குழுவுக்காக 1938 இல் இலங்கை பற்றி ஒரு குறிப்பை எழுதினார். ஒரே ஜனநாயக நாட்டுக்குள் அளவிலும் மொழியிலும் மதத்திலும் வேறுபட்ட சமூகங்கள் வாழும்போது, வெறும் பெரும்பான்மை வாக்கு சிறுபான்மைக்குப் பாதுகாப்பாகாது என்பது அதன் சாரம். சுவிட்சர்லாந்தின் சமஷ்டி முறையை அவர் முன்மாதிரியாகக் காட்டினார். கரையோரச் சிங்களவர், கண்டிச் சிங்களவர், தமிழர் ஆகியோரை அங்குள்ள ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிச் சமூகங்களோடு ஒப்பிட்டார். இந்த யோசனை அவர் கண்டுபிடித்ததல்ல. 1926 இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சமஷ்டி பற்றிப் பேசினார். 1927 இல் கண்டியச் சிங்களத் தலைவர்களே டொனமூர் ஆணைக்குழுவிடம் சமஷ்டி கேட்டார்கள். இன்று நாட்டைப் பிரிக்கும் சொல்லாகக் காட்டப்படுவது, அன்று கண்டிச் சீமையின் கோரிக்கை.

வூல்ஃபின் குறிப்பு எவருடைய தீர்மானத்தையும் மாற்றவில்லை. சுதந்திர இலங்கை ஒற்றையாட்சியாகப் பிறந்தது.

வாசலுக்கு உள்ளேயே இருப்பவர்கள்

அடுத்த ஆண்டு, 1939 இல், ஐரோப்பா போருக்குள் போகும் வேளையில், வாசலில் நிற்கும் காட்டுமிராண்டிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஹிட்லர் மட்டும் வெளியிலிருந்து வந்து நாகரிகத்தை அழிக்கவில்லை, காட்டுமிராண்டி எப்போதும் மதிலுக்கு உள்ளேயும் இருக்கிறான் என்பது அவர் வாதம். இடதுசாரி வாசகர்களுக்காக வெளியான அந்த நூலிலேயே சோவியத் ஆட்சியின் அடக்குமுறையையும் கண்டித்தார். சொந்த அணியினர் முகம் சுளித்தார்கள்.

யூதரான அவருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. பிரித்தானியாவைப் பிடித்தால் கைதுசெய்ய வேண்டியவர்களென நாஜிகள் தயாரித்த பட்டியலில் அவர் பெயரும் வேர்ஜீனியாவின் பெயரும் இருந்தன. படையெடுப்பு நடந்தால் இருவரும் உயிரை மாய்த்துக்கொள்வதென்று பேசிவைத்திருந்தார்கள். 1940 இல் லண்டன் வீடுகளைக் குண்டு அழித்தது. நீண்டகால மனநோயோடு போராடிய வேர்ஜீனியா 1941 மார்ச் 28 இல் ஆற்றில் இறங்கி உயிர்நீத்தார். லெனார்ட் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இருவரும் 1917 இல் தொடங்கிய ஹோகார்த் பதிப்பகத்தைக் கவனித்தார், மனைவியின் எழுத்துகளைப் பதிப்பித்தார், தோட்டம் வைத்தார், வாழ்க்கை வரலாற்றை ஐந்து பாகங்களாக எழுதினார்.

நியாயம்தானா?

1960 பெப்ரவரியில், 79 வயதில், மீண்டும் இலங்கைக்கு வந்தார். தனிச் சிங்களச் சட்டம் வந்து நான்கு ஆண்டுகள். 1958 கலவரம் நடந்து இரண்டு ஆண்டுகள். பண்டாரநாயக்க சுட்டுக்கொல்லப்பட்டுச் சில மாதங்கள். வூல்ஃபை யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் அன்போடு வரவேற்றார்கள்.

ஆனால் எல்லோரும் மாலையோடு வரவில்லை. ஒரு முதியவர் ஒரு கேள்வியோடு வந்தார். மாட்டு நோய்க் காலத்தில் அந்த இளம் அதிகாரி இட்ட தண்டனைக்கு ஆளானவர் அவர். அரை நூற்றாண்டு கழித்து அவர் இழப்பீடு கேட்கவில்லை. அன்று செய்தது நியாயம்தானா என்று மட்டும் கேட்டார். வூல்ஃப் சினக்கவில்லை, தட்டிக்கழிக்கவும் இல்லை. தன் பழைய குறிப்புகளில் அந்தச் சம்பவத்தைத் தேடினார். அம்பாந்தோட்டையில் அவர் எழுதிய உத்தியோக நாட்குறிப்புகள் 1962 இல் இலங்கையிலேயே நூலாக அச்சேறின. தன் கையொப்பங்களை எவரும் எடுத்துப் பரிசோதிக்கலாம் என்று ஓர் அதிகாரி விட்டுவைத்த ஆவணம் அது.

1969 ஓகஸ்ட் 14 இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் கிராமத்து வீட்டில் இறந்தார். கடைசிப் பாகத்தில் தன் அரசியல் உழைப்பையெல்லாம் மணிக்கணக்காகக் கூட்டிப் பார்த்து, அது உலகத்தை ஒரு சிறிதும் மாற்றவில்லை என்று முடித்திருந்தார். 1938 குறிப்பை நினைத்தால் அந்தக் கணக்கை மறுப்பது கடினம்.

ஆனால் அந்த முதியவரின் கேள்வியும் கணக்கில் சேர வேண்டும். இந்த நாட்டில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் ஆண்டுக்கணக்கில் வீதியோரம் அமர்ந்து கேட்பதும் ஏறத்தாழ அதையேதான். யார் உத்தரவிட்டது, யார் கையொப்பமிட்டது, அது நியாயம்தானா? அந்த முதியவருக்குக் குறைந்தது, உத்தரவிட்டவர் எதிரில் உட்கார்ந்து பழைய ஏட்டைப் புரட்டினார். இந்தத் தாய்மாருக்கு இன்னும் யாரும் ஏட்டைத் திறக்கவில்லை.

மாலை ரயிலில் உக்குவளைக்குத் திரும்பும்போது அந்த மதில் மறுபடியும் கண்ணில் படும். இப்போது உள்ளே யாரும் இல்லை. காலையில் அது வெறும் மதிலாகத் தெரிந்தது. மாலையில், அதற்குள் நின்று கையொப்பமிட்டவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய் ஒரு நாவலாவது எழுதினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.